விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டலாக மாற்றும்போது படம் ஆடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்காருபவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான்: "பழைய டிவியில போட்டா நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர்ல ஏத்தினா படம் ஆடுது." உடனே யாராவது ஒரு ஸ்டெபிலைசர் சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்வார்கள். அதை ராத்திரி முழுக்க ஓட்டினாலும் ஆட்டம் நிற்காது, படத்தின் ஓரம் வெட்டுப்பட்டதுதான் மிச்சம். பெரும்பாலான ஆட்டம் ஃபைலில் பிறப்பதில்லை. டேப்பிலோ, டெக்கிலோ (கேசட்டை ஓட்டும் விசிஆர்), கேபிளிலோ, கேப்சர் கருவியிலோ (டெக்கின் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது) பிறந்து ஃபைலுக்குள் வந்து பதிந்துவிடுகிறது. பதிந்த பிறகு எடுப்பது சிரமம், பல சமயம் முடியவே முடியாது. அதனால் பிறக்கும் இடத்தைப் பிடித்து, கேப்சருக்கு முன்பே அங்கே கை வைக்க வேண்டும்.

கீழே உள்ளவை இந்தியா, இலங்கை, வளைகுடா நாடுகளில் புழங்கிய பிஏஎல் என்ற டிவி சிக்னல் முறையில் பதிவான விஎச்எஸ் கேசட்டை மனதில் வைத்து எழுதியவை. அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த கேசட்டுக்கு வேறு சிக்கல் உண்டு, அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

டெக்கில் போடுவதற்கு முன்

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுற்றைப் பாருங்கள். சுற்றின் பக்கவாட்டில் வெள்ளையாக மாவு தூவியது போல இருந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் இருபது வருடம் கிடந்த கேசட்டில் இது சர்வசாதாரணம். அதை அப்படியே டெக்கில் தள்ளாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். மூக்குக்கும் நல்லதல்ல. பூஞ்சை பிடித்ததை ஒரு பையில் தனியாகப் போட்டு வையுங்கள். அதைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு பழைய டெக்கை ஒதுக்கி வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

சுத்தமாக இருக்கிறதா, சரி. கடைசி வரை ஃபார்வர்டு ஓட்டி, பிறகு முழுக்க ரீவைண்டு செய்யுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த டேப்பில் சில சுற்று இறுகியும் சில சுற்று தளர்ந்தும் இருக்கும். ஒருமுறை போய்வந்தால் இழுவிசை ஓரளவு சமமாகும். சின்னச் சின்ன ஆட்டம் இதிலேயே அடங்கிவிடுவதுண்டு.

ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று பிடிக்க

சோதிப்பதற்கு ஒரு நிமிடம் ஓடும் இடமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண கேசட் என்றால் தொடக்கத்தில் மணமக்கள் பெயர் வருமே, அந்த டைட்டில் ரொம்ப வசதி. எழுத்துகளின் செங்குத்துக் கோடுகளில் ஆட்டம் ஒளியவே முடியாது.

அந்த நிமிடத்தை இரண்டு மூன்று முறை தனித்தனியாக கேப்சர் செய்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மாதிரி ஆடினால் கோளாறு டேப்பில் இருக்கிறது. இடம் மாறி மாறி ஆடினால் சந்தேகம் டெக்கின் மேலும் கேப்சர் கருவியின் மேலும் போக வேண்டும்.

அடுத்து, அதே டெக்கில் நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறு கேசட்டைப் போடுங்கள். அதுவும் ஆடினால் டெக்கைத் திறக்க வேண்டியதுதான்.

பிறகு டெக்கைக் கழற்றிவிட்டு, அதே கேபிளில் ஒரு டிவிடி பிளேயரைச் செருகி கேப்சர் செய்யுங்கள். டிவிடி பிளேயரின் சிக்னல் கணக்குப் பிசகாமல் வரும். அதுவே ஆடினால் கேபிள், கேப்சர் கருவி, கம்ப்யூட்டர் மூன்றில் ஒன்றுதான் காரணம். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே டெக் மெக்கானிக்கைத் தேடிப் போகிறார்கள்.

வீட்டில் பிக்சர் டியூப் டிவி மிச்சமிருந்தால் டெக்கை அதன் ஏவி உள்ளீட்டில் கொடுத்துப் பாருங்கள். அதில் ஆடாமல் கம்ப்யூட்டரில் மட்டும் ஆடினால், முதலில் படிக்க வேண்டியது அடுத்த பகுதி.

அறிகுறி: நேர்கோடுகள் நெளிகின்றன, எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரிகிறது

விஎச்எஸ் ஆட்டத்தில் பெரும்பங்கு இதுதான். கதவு நிலை, ஜன்னல் கம்பி, பந்தல் கால் எதுவும் நேராக நிற்காது. படம் முழுவதுமாக இடம் மாறுவதில்லை. ஒவ்வொரு கோடும் தனித்தனியாகப் பக்கவாட்டில் நகர்கிறது.

பிஏஎல் படத்தின் ஒரு ஃப்ரேமில் 625 கோடுகள், நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. டெக்கின் உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, டேப் அதன்மேல் நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. டேப் துளி நீண்டாலும், ஒரு ரப்பர் உருளை லேசாக வழுக்கினாலும் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து சேரும். பள்ளிக்கூட அசெம்பிளியில் பையன்கள் ஆளுக்கு அரை அடி முன்னே பின்னே நின்றால் வரிசை நெளிந்து தெரியுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. டிஜிட்டலாக்கும் சிப் வினாடிக்கு 1.35 கோடி மாதிரிகள் எடுக்கிறது. ஆக ஒரு கோடு ஒரு மைக்ரோ நொடி தள்ளி வந்தால் படத்தில் அது பதின்மூன்றரை பிக்சல் நகர்ந்துவிடும். பத்தில் ஒரு பங்கு மைக்ரோ நொடி பிசகினாலே ஒரு பிக்சலுக்கு மேல் போய்விடும், கண்ணில் படும்.

பிக்சர் டியூப் டிவி வரும் சிக்னலைப் பின்தொடர்ந்தே படம் போடும். அதனால் இந்தப் பிசகில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். கேப்சர் சிப்பும், இன்றைய எல்சிடி டிவியும் அவ்வளவு பொறுத்துப் போவதில்லை.

மருந்து டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. ஒவ்வொரு கோட்டையும் நினைவகத்தில் வாங்கி வைத்து, சரியான நேரத்தில் வெளியே விடும் சுற்று அது. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசு வீண். நெளிவைச் சரிசெய்வது கோடு அளவில் வேலை செய்யும் லைன் டிபிசி. முழு ஃப்ரேமையும் வாங்கி வைத்து ஒழுங்கான சின்க்கோடு (கோடும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் துடிப்பு) வெளியே விடும் தனிப் பெட்டி வேறு வகை. அது ஃப்ரேம் விடுபடுவதைத் தடுக்கும், நெளிவை ஓரளவுக்குத்தான் தொடும். "டிபிசி வாங்கியும் கோடு நெளிகிறது" என்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும்.

லைன் டிபிசி சில உயர்ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகளுக்குள்ளேயே இருக்கிறது. பானசோனிக் என்வி-எஃப்எஸ்200, ஜேவிசியின் எச்ஆர்-எஸ் வரிசையில் விலை கூடிய மாடல்கள் போன்றவை. எஸ்-விஎச்எஸ் டெக் சாதா விஎச்எஸ் கேசட்டையும் ஓட்டும். எஸ்-வீடியோ வெளியீடும் கிடைக்கும், வண்ணம் சற்றே சுத்தமாக வரும். ஆனால் நம் ஊரில் இந்த மாடல்கள் அதிகம் புழங்கவில்லை. இப்போது தேடினால் விலை கையைக் கடிக்கும், கிடைத்தாலும் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

சிக்கனமான மாற்று டிவிடி ரெக்கார்டர். பிளேயர் இல்லை, ரெக்கார்டர். 2000களின் நடுவில் வந்த பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இந்த வேலைக்கென்றே உலகம் முழுக்கத் தேடப்படுபவை. டெக்கின் ஏவி வெளியீட்டை ரெக்கார்டரின் உள்ளீட்டில் கொடுங்கள், ரெக்கார்டரின் வெளியீட்டைக் கேப்சர் கருவியில் கொடுங்கள். டிஸ்க் போடவே வேண்டாம், சிக்னல் அதன் வழியாகப் போய்வந்தாலே போதும், கோடுகள் வரிசைக்கு வந்துவிடும். மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் முகமெல்லாம் மெழுகு பூசியது போல வழவழவென்று வரும். எல்லா டிவிடி ரெக்கார்டரும் இப்படிச் சரிசெய்யாது. வாங்குமுன் உங்கள் கேசட்டையே எடுத்துப் போய் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இங்கே 90களின் கல்யாண கேசட்டுக்கே உரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. பானசோனிக் எம்-3000, எம்-9000 போன்ற தோள் கேமராவில் எடுத்ததை யாரும் நேராகக் கொடுத்ததில்லை. ஸ்டுடியோவில் டிஜிட்டல் மிக்ஸர் வழியாக இதயமும் பூவும் சுழலும் எஃபெக்டுகள் போட்டு இன்னொரு கேசட்டில் ஏற்றி, அதிலிருந்து பிரதி எடுத்து நம் கையில் கொடுத்தார்கள். சாதாரணமாக டெக்கிலிருந்து டெக்குக்குப் பிரதி எடுத்தால் கோட்டின் பிசகும் அதன் சின்க் துடிப்பும் சேர்ந்தே நகரும். டிபிசியால் அதைப் பிடிக்க முடியும். டிஜிட்டல் மிக்ஸரோ ஆடும் படத்தை வாங்கி, புத்தம் புதிய சின்க்கோடு வெளியே விடும். அப்போது பழைய நெளிவு படத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. டிபிசியைப் பொறுத்தவரை சிக்னல் ஒழுங்காக இருக்கிறது, திருத்த அங்கே ஒன்றும் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மிக்ஸரில் போட்ட டைட்டில் எழுத்து அசையாமல் நிற்க, அதன் பின்னால் உள்ள கோபுரமோ மண்டபத் தூணோ நெளிந்தால் நெளிவு உள்ளேயே பதிந்துவிட்டது. எழுத்தும் சேர்ந்து நெளிந்தால் நம்பிக்கை உண்டு, டிபிசி வேலை செய்யும். முதல் வகை என்றால் ஸ்டுடியோவிலோ உறவினர் வீட்டிலோ மூலக் கேசட் இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் ஒரே வழி. பல ஸ்டுடியோக்கள் மூலக் கேசட்டையே அழித்து மறுபடி பயன்படுத்தின என்பதால் பெரிய எதிர்பார்ப்போடு போக வேண்டாம்.

சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. விஎச்எஸ்-டிகோட் என்ற திறந்தமூலத் திட்டத்தில், டெக்கின் ஹெட் பெருக்கியிலிருந்தே ரேடியோ அலைச் சிக்னலை நேரடியாகப் பதிந்து, டிபிசி வேலை முழுவதையும் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். கிடைக்கும் படம் அருமை. ஒரு மணிநேரக் கேசட்டுக்கு ஹார்டு டிஸ்க்கும் பொறுமையும் நிறைய வேண்டும்.

அறிகுறி: படத்தின் தலைப்பகுதி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்கிறது

மேலே ஓர் அங்குலம் மட்டும் வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைந்து படபடக்கும், அதற்குக் கீழே எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒவ்வொரு ஃபீல்டின் (ஒரு ஃப்ரேமில் பாதிக் கோடுகள்) முடிவிலும் ஒரு ஹெட் விலகி அடுத்த ஹெட் பொறுப்பேற்கிறது. பதிவானபோது இருந்த டேப் இழுவிசையும் இப்போதைய இழுவிசையும் பொருந்தாவிட்டால் அந்தக் கைமாற்றத்தில் நேரம் தாவும். தாவியதிலிருந்து சிப் சுதாரிப்பதற்குள் முதல் சில கோடுகள் சாய்ந்துவிடுகின்றன.

முதலில் டிராக்கிங்கை, அதாவது ஹெட் டேப்பின் தடத்தின்மேல் சரியாகப் போக வைக்கும் அமைப்பைத் தொட்டுப் பாருங்கள். மாறவில்லை என்றால் டெக்கை மாற்றிப் பாருங்கள். எந்தக் கேசட் எந்த டெக்கில் நன்றாக ஓடும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. விலை உயர்ந்த டெக்கில் தலை சாயும் கேசட், ரெக்கார்டிங் வசதி இல்லாத ஒரு சாதா பிளேயரில் ஒழுங்காக ஓடுவதுண்டு. எல்லாக் கேசட்டும் ஒரே டெக்கில் சாய்ந்தால், இடப்பக்க ரீலைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டையில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி தேய்ந்திருக்கும். டேப்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. மெக்கானிக்கிடம் "பேக் டென்ஷன் பாருங்க" என்று சொன்னால் அவருக்குப் புரியும். மற்றபடி, முன் பகுதியில் சொன்ன டிவிடி ரெக்கார்டர் இந்தச் சாய்வுக்கு மிக நன்றாகக் கேட்கும்.

அறிகுறி: படம் மேலும் கீழும் குதிக்கிறது, அல்லது உருண்டுகொண்டே இருக்கிறது

கேசட்டின் முதுகைப் பாருங்கள். இ-180 என்று இருந்தால் பிஏஎல் நாடுகளுக்காகச் செய்தது. டி-120 என்று இருந்து, அனுப்பியவர் நியூ ஜெர்சி சித்தப்பாவோ டொரண்டோ அத்தையோ என்றால் அது அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சி பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் 525 கோடுகள், நொடிக்கு 29.97 ஃப்ரேம். நம் ஊர் மல்டி-சிஸ்டம் டெக்குகள் பல இதை ஓட்டும். ஆனால் வெளியே விடுவது அசல் என்டிஎஸ்சி அல்ல. பிஏஎல் வண்ணமும் நொடிக்கு 60 ஃபீல்டும் கலந்த ஒரு கலப்பு முறை. டிவி ஏற்றுக்கொள்ளும். பிஏஎல் என்று அமைத்த கேப்சர் கருவியில் படம் உருளும், துண்டாகும், கறுப்பாகும். கேப்சர் சாஃப்ட்வேரில் வீடியோ ஸ்டாண்டர்டு பட்டியலில் பிஏஎல்-60 அல்லது என்டிஎஸ்சி 4.43 இருந்தால் மாற்றிப் பாருங்கள். அளவு 720×480 ஆக வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் அசல் என்டிஎஸ்சி வெளியிடும் டெக்தான் தேவை. அமெரிக்க டெக்கை வரவழைத்தால் அது 120 வோல்ட் என்பதை மறந்து நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். பாரிஸிலிருந்து வந்த கேசட் ஆடாமல் கறுப்பு வெள்ளையாக மட்டும் வந்தால் அது செகாம் முறை, வேறு கதை.

பிஏஎல் கேசட்டே குதித்தால், டெக்கில் இருக்கும் டிபிசியை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். மிகவும் நைந்த டேப்பில் சின்க் துடிப்பு அழிந்திருக்கும் இடங்களில், டெக்குக்குள் இருக்கும் டிபிசி தானே குழம்பிப் படத்தை மேலும் கீழும் தூக்கிப் போடும். அந்தக் கேசட்டுக்கு மட்டும் டிபிசி இல்லாமல் ஓட்டி, டிவிடி ரெக்கார்டர் வழியாக எடுப்பது மேல்.

கடையில் விற்ற சினிமா கேசட்டில் படம் வெளிச்சமாவதும் மங்குவதுமாக மூச்சு வாங்கினால் அது பழுதில்லை, நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே வைத்த மேக்ரோவிஷன். அந்தப் படத்தை டிஸ்க்கிலோ இணையத்திலோ முறையாகத் தேடிக்கொள்ளலாம். ஆனால் சொந்தக் காதுகுத்து கேசட்டைப் போட்டாலும் டிவிடி ரெக்கார்டர் "இது காப்புரிமை உள்ளது" என்று பதிவுசெய்ய மறுப்பதுண்டு. நைந்த டேப்பில் படத்துக்கு மேலே உள்ள கோடுகளில் இரைச்சல் ஏறி, அதைத் தடுப்புச் சிக்னல் என்று கருவி தவறாக எடுத்துக்கொள்கிறது. முழு ஃப்ரேம் டிபிசி பெட்டி உண்மையிலேயே உதவும் இடம் இது.

அறிகுறி: பனி கொட்டும் பட்டை, அல்லது படம் முழுக்கத் துடிப்பு

பட்டை ஊர்ந்து போனாலோ ஓரிடத்தில் நின்றாலோ டிராக்கிங். தானாகச் சரிசெய்யும் டெக்குகள் நைந்த டேப்பில் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும், அதனாலேயே சில நொடிக்கு ஒருமுறை படம் துடிக்கும். கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள். பட்டை மேலேயே நிலையாக நின்றால் டேப் டிரம்முக்குள் நுழையும் இடப்பக்க வழிகாட்டித் தூணும், கீழேயே நின்றால் வெளியேறும் வலப்பக்கத் தூணும் சந்தேகத்துக்குரியவை. அவற்றின் உயரத்தைத் திருகலாம்தான், ஆனால் திருகுவதற்கு முன் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்குள்ளேயே மாற்றம் தெரியும். ஒரு கேசட்டுக்காகத் திருகியதை வேலை முடிந்ததும் குறிக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் அடுத்த கேசட் எதுவும் ஓடாது.

படம் முழுக்கப் பொரிப்பொரியாகத் துடித்து, ஒரு கோடு விட்டு ஒரு கோடு தெளிவாக இருந்தால் இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்திருக்கிறது. நல்ல ஹெட் ஒரு ஃபீல்டைப் படிக்கிறது, அடைத்தது அடுத்த ஃபீல்டில் பனியைத் தருகிறது.

ஹெட் துடைப்பதை வீட்டிலேயே செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் விடுங்கள், பவர் சப்ளை பக்கம் கை வைக்க வேண்டாம். மேல்மூடியைக் கழற்றினால் நடுவில் சற்றே சாய்ந்து பளபளவென்று ஓர் உருளை தெரியும், அதுதான் டிரம். ஹெட் அதன் விளிம்பில் கடுகைவிடச் சின்னதாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வெள்ளைக் காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனையுங்கள். காகிதத்தை டிரம்மின் பக்கவாட்டில் படுக்கையாக லேசாக அழுத்திப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மின் மேல்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். காகிதத்தில் பழுப்பாகக் கோடு விழும். புதுக் காகிதம் எடுத்து, கோடு விழுவது நிற்கும் வரை சுற்றுங்கள். காகிதத்தை மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. ஹெட் ஃபெரைட், பட்டென்று உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் ஹெட்டுக்கு வேண்டாம், இழை மாட்டிக்கொள்ளும். அசையாமல் நிற்கும் ஆடியோ ஹெட், டேப்பை நகர்த்தும் இரும்புக் கேப்ஸ்டன் தண்டு இவற்றுக்கு அதே பஞ்சுக்குச்சி தாராளமாகப் போதும். கேப்ஸ்டனை ஒட்டி அழுத்தும் ரப்பர் உருளையையும் பாருங்கள். கறுப்பாக மங்கலாக இருக்க வேண்டியது கண்ணாடி போல மின்னினால் அது வழுக்குகிறது, மாற்ற வேண்டும். காய்வதற்குப் பத்து நிமிடம் விட்டு, முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் ஓட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆல்கஹாலும் நல்ல கேபிளும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

ஓரிடத்தில் மட்டும் ஒரு நொடி வேகம் தடுமாறிப் பனி கொட்டிச் சரியானால் டேப்பின் கீழ் விளிம்பு கசங்கியிருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்புகள் பதிவான தடம் அந்த விளிம்பில்தான் ஓடுகிறது. மேல் விளிம்பு கசங்கினால் படம் தப்பிக்கும், சத்தம் போகும். கசங்கலை நீவி எடுக்க முயலாதீர்கள். அந்த நொடி அப்படியே போகட்டும்.

அறிகுறி: மங்கலான அகலப் பட்டை மெதுவாக ஏறுகிறது

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். பட்டை மறைந்தால் எர்த் சுற்றில் மின் இரைச்சல் ஏறியிருக்கிறது. டெக்கையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். டெக்கில் கேபிள் டிவி ஒயர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

அறிகுறி: கோடு நேராக இருக்கிறது, ஆனால் படம் விக்கி விக்கி ஓடுகிறது

நாதஸ்வரக்காரரின் கை தாவித் தாவி நகரும், போகப் போகச் சத்தம் படத்தைவிட்டு விலகும். ஃப்ரேம் விடுபடுகிறது. விர்ச்சுவல்டப் சாஃப்ட்வேரில் எடுத்தால் விடுபட்டவை, நுழைக்கப்பட்டவை எவ்வளவு என்று ஓடும்போதே எண்ணிக்கை காட்டும். அதில் கண் வையுங்கள். ஒரே இடத்தில் சடசடவென ஏறினால் டேப்பின் சின்க் மோசம், டிவிடி ரெக்கார்டரையோ ஃப்ரேம் டிபிசியையோ நடுவில் போடுங்கள். குறிப்பிட்ட இடம் என்றில்லாமல் எப்போதும் ஏறினால் கம்ப்யூட்டர் திணறுகிறது. யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் நேராகச் செருகுங்கள், வைரஸ் ஸ்கேனையும் பிரவுசரையும் மூடுங்கள், வெளி ஹார்டு டிஸ்க்கை விட்டு உள் டிஸ்க்கில் எழுதுங்கள். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஒரு மணிநேரம் 30 ஜிபி சுமாருக்கு வரும், DV (டிஜிட்டல் வீடியோ) கோடெக்கில் 13 ஜிபி. இடம் இல்லையென்று நேராக எம்பி4 ஆகச் சுருக்குவதுதான் பல மெதுவான கம்ப்யூட்டர்களைத் திணற வைக்கிறது.

அறிகுறி: நிற்கும்போது சரி, ஆள் நகர்ந்தால் மட்டும் நடுங்குகிறது

டேப்பைக் குறை சொல்ல வேண்டாம், இது இன்டர்லேஸ் கணக்கு. ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு ஃபீல்டு. எது முதலில் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், நடக்கிற ஆள் இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று போவார். ஐம்பது ஃபீல்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள், ஆள் பின்னோக்கித் தாவினால் வரிசை தலைகீழ். DV கோடெக்கில் கீழ் ஃபீல்டு முதலில். மற்ற பிஏஎல் கேப்சர்களில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். அமைப்பில் மாற்றினால் அத்தோடு முடிந்தது.

டைட்டில் எழுத்து அசையாமல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட்டளவு மேலும் கீழும் சிலிர்த்தால் டீஇன்டர்லேஸ் செய்யும் (ஃபீல்டுகளை முழுப் படங்களாக்கும்) முறை மட்டம். ஏவிசிந்த் சாஃப்ட்வேரில் க்யூடிஜிஎம்சி என்ற ஸ்கிரிப்டைப் போட்டு நொடிக்கு 50 ஃப்ரேமாக எடுத்தால் அடங்கிவிடும், கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் எடுப்பவர்கள் டீஇன்டர்லேஸ் செய்யாமலேயே 1080க்குப் பெரிதாக்கிவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் ஃபீல்டுகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. 720×576 ஆகவே எடுங்கள்.

அறிகுறி: அடியில் பத்துக் கோடு கிழிந்து துடிக்கிறது

ஹெட் கைமாறும் இடம் அது, எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. பழைய டிவியின் சட்டம் அதை மறைத்து வைத்திருந்தது. கறுப்புப் பட்டை போட்டு மறையுங்கள், விடுங்கள்.

அறிகுறி: கோடுகள் நேர், காட்சி மொத்தமாக ஆடுகிறது

கேமரா பதித்த தேதியைப் பாருங்கள். தேதி ஆணி அடித்தது போல நிற்க, காட்சி மட்டும் ஆடினால் ஆடியது படம் பிடித்தவரின் கை. தொடக்கத்தில் ஒதுக்கிய ஸ்டெபிலைசருக்கு இப்போதுதான் வேலை. விர்ச்சுவல்டப்பில் டீஷேக்கர், எஃப்எஃப்எம்பெக்கில் விட்ஸ்டாப் இரண்டும் இலவசம். டீஇன்டர்லேஸ் செய்த பிறகுதான் ஓட்ட வேண்டும், முன்பே ஓட்டினால் ஃபீல்டுகள் கலந்துவிடும். கறுப்புப் பட்டையும் தேதியும் கணக்கைக் குழப்பும் என்பதால் ஆராயும் பகுதியிலிருந்து அவற்றை ஒதுக்குங்கள். அளவாகப் போடுங்கள். ஊர்வலத்தோடு சேர்ந்து நடந்து எடுத்த காட்சியை முழுக்க நிறுத்தப் பார்த்தால் ஆட்கள் மிதப்பார்கள், ஓரங்கள் ரப்பராக இழுபடும். திருத்தாத மூல கேப்சரைத் தனியாக வைத்துவிட்டு, திருத்திய பிரதியை மட்டும் வீட்டாருக்கு அனுப்புங்கள்.